பாஸ் அவுட் ஆனவர்கள் எல்லாம் மயங்கி விழுந்தவர்கள் இல்லை

"2022, 2023, 2024 பாஸ் அவுட்ஸ் மட்டும் அப்ளை பண்ணவும், ஸ்டாண்டிங் அரியர்ஸ் இருக்கக் கூடாது." வேலை தேடும் பசங்க இருக்கிற எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் இப்படி ஒரு ஃபார்வர்டு ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் இதையே ஓர் அமெரிக்கரிடம் காட்டினால், அந்த மூன்று வருடத்தில் எப்போதாவது மயக்கம் போட்டு விழுந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த வேலை போல என்று எடுத்துக்கொள்வார்.

இந்த ஜோக் பழசு. ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தரும் யூடியூப் ஆட்கள் எல்லோரும், இந்தியர்கள் செய்யும் பத்துத் தவறுகள் என்று பட்டியல் போடும்போது தவறாமல் இதையும் சேர்த்துவிடுவார்கள். பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது, காலேஜ் முடித்ததற்கு அதைச் சொல்லாதே, சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான் பாடம். எனக்கு இதில்தான் மனத்தாங்கல். சிரிப்பார்கள் என்பது சரி. தவறு என்பது பாதிதான் சரி, இன்னும் சொன்னால் பாதிக்கும் குறைவு. இந்த வார்த்தை இங்கிலீஷ்காரன் வீட்டிலிருந்தே இரண்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்த வார்த்தை. நாம் ஒரு வாசலில் நின்று வாங்கிக்கொண்டோம், மற்றவர்கள் இன்னொன்றில்.

முதலில் இந்த ஃபிரேசல் வெர்ப் சமாசாரம். பள்ளிக்கூடத்தில் இதைப் பயமுறுத்தியே சொல்லித் தந்தார்கள், ஆனால் தமிழ் பேசுகிறவனுக்கு இது புதுசே இல்லை. "எழுதித் தள்ளிட்டான்" என்கிறோம், அவன் எதையும் தள்ளவில்லை. "சீக்கிரம் வந்து தொலை" என்கிறோம், வருகிறவன் தொலைந்து போக வேண்டும் என்று அர்த்தமில்லை. இரண்டு சொல் சேர்ந்ததும் தனித்தனி அர்த்தத்தை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று பிறக்கிறது. நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையைக் கோக்கிறோம், இங்கிலீஷ்காரர்கள் அவுட், அப், ஆஃப், ஆன் என்று சின்னச் சின்ன வால்களை ஒட்டுகிறார்கள். பாஸுக்கு அவுட் ஒட்டினால் குறைந்தது மூன்று அர்த்தம் வருகிறது.

மயங்கி விழும் அர்த்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன், உலகம் முழுக்க அதிகம் புழங்குவது அதுதான். ஃபெயின்ட் என்பதும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், ஏறக்குறைய ஒன்றுதான். ஃபெயின்ட் கொஞ்சம் டாக்டர் வீட்டு வார்த்தை, மயக்கத்துக்கு மட்டும்தான் வரும். பாஸ் அவுட் பேச்சு வார்த்தை, கை நீளம். வெயிலில் விழுந்தாலும் அதுதான், ரத்தம் எடுக்கும்போது ஊசியைப் பார்த்துச் சரிந்தாலும் அதுதான், குடித்துவிட்டு விழுந்தாலும் அதுதான். குடித்தவன் விஷயத்தில் நமக்கு அதைவிட நல்ல வார்த்தை இருக்கிறது: மட்டையாகிட்டான். அப்புறம், நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து தூங்கிப்போனாலும் அமெரிக்கர்கள் "ஐ பாஸ்டு அவுட் ஆன் தி கௌச்" என்பார்கள். மயக்கமெல்லாம் இல்லை. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன் என்போமே, அது.

பிளாக் அவுட் என்று ஒன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சாதாரணப் பேச்சில் அதையும் மயக்கத்துக்குச் சொல்வார்கள், ஆனால் குடி விஷயத்தில் டாக்டர்கள் இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். பாஸ் அவுட் ஆனவன் நினைவில்லாமல் கிடக்கிறான். பிளாக் அவுட் ஆனவன் நடக்கிறான், பேசுகிறான், சண்டை போடுகிறான், யாருக்கோ போன் செய்து அழுகிறான், மறுநாள் காலையில் அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் மூளை எதையும் பதிந்து வைக்கவில்லை. "நேத்து நான் அப்படியா பேசினேன்?" என்று நிஜமாகவே முழிக்கிறவன் நடிக்கவில்லை என்பது இதிலிருந்து தெரியும். எல்லா முழிப்பும் நிஜமா என்பது வேறு விஷயம்.

மயக்கம் தெளிவதற்கு என்ன வார்த்தை என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கம் ரவுண்ட், அல்லது கம் டு. "ஷி பாஸ்டு அவுட், பட் ஷி கேம் ரவுண்ட் இன் எ மினிட்." அவுட்டுக்கு எதிர்ப்பதம் இன் தானே என்று பாஸ் இன் என்று சொல்லிவிடாதீர்கள், அது ஆஸ்திரேலியாவில் வீடு ஏலத்தில் விடும்போது எதிர்பார்த்த விலை வராமல் விற்காமல் போவதற்குச் சொல்கிற வார்த்தை. மெல்போர்னில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வீட்டு விலை பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இனி நம்முடைய வாசல். அங்கே போக ராணுவ மைதானம் வழியாகப் போக வேண்டும்.

பரங்கிமலையில் இருக்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1963இல் தொடங்கியது. அங்கே பயிற்சி முடிக்கிறவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை அணிவகுப்பு நடக்கும், மறுநாள் பேப்பரில் படம் வரும், தொப்பியைத் தூக்கி எறிவது, பிள்ளையின் தோளில் அப்பா அம்மா நட்சத்திரம் குத்திவிடுவது. அந்த அணிவகுப்புக்குப் பெயர் பாஸிங் அவுட் பரேடு. நாமாக வைத்த பெயர் இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் வார்த்தை, இன்றைக்கும் அங்கே புழங்குகிறது. பிரிட்டனில் அச்சாகும் டிக்ஷனரிகளைப் புரட்டினால் பாஸ் அவுட்டுக்கு இரண்டாவது அர்த்தமாக, ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடித்து வெளியேறுவது என்று போட்டிருக்கும். போலீஸ், தீயணைப்புப் படை என்று பயிற்சிக் கூடம் உள்ள வேலைகளில் எல்லாம் அங்கே இதே பேச்சுதான். நீராவி இன்ஜின் காலத்தில், கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் டிரைவராவதற்கான தேர்வில் தேறிவிட்டால் அவரைப் பாஸ்டு அவுட் என்பார்கள். டிரைவர் வேலை காலியாகிற வரைக்கும் அவர் பாஸ்டு ஃபயர்மேன் என்ற பட்டத்தோடு பெரும்பாலும் கரிதான் அள்ளிக்கொண்டிருப்பார்.

டேராடூனில் உள்ள ராணுவ அகாடமி 1932இல் பிரிட்டிஷ்காரர்கள் காலத்திலேயே வந்தது. அங்கேயும் பரங்கிமலையிலேயும் அணிவகுப்பின் முடிவில் ஒரு கோடு இருக்கிறது, பெயர் அந்திம் பக், இந்தியில் கடைசி அடி. பயிற்சி முடித்தவர்கள் மெதுநடையில் வந்து அந்தக் கோட்டைத் தாண்டுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கேடட், அந்தப் பக்கம் கால் வைத்தால் அதிகாரி. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில் இதே வேலையைப் பழைய கட்டடத்தின் படிக்கட்டு செய்கிறது. தேறியவர்கள் அணியாகப் படியேறி உள்ளே போவார்கள், பின்னாலேயே அட்ஜுடன்ட் என்கிற அதிகாரி குதிரையில் உட்கார்ந்தபடி படியேறுவார். பார்க்க வேண்டிய காட்சி, வீடியோ நிறையக் கிடைக்கிறது. பாஸ் என்ற சொல்லே லத்தீனில் காலடியைக் குறிக்கிற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. ஆக, டேராடூனில் ஒரு கேடட் கடைசி அடி எடுத்து வைத்து வெளியே போகும்போது பாஸ் அவுட் என்பதன் அச்சு அசலான அர்த்தத்தில் நடந்து போகிறார். இதை யாராவது தவறு என்று சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

இந்த இரண்டு அர்த்தமும் ஒரே மைதானத்தில் சந்திப்பதும் உண்டு. 2023 ஜூன் 10ஆம் தேதி, லண்டனில் மன்னர் பிறந்தநாள் அணிவகுப்புக்கான ஒத்திகை, இளவரசர் வில்லியம் குதிரையில் வந்து பார்வையிடுகிறார், வெப்பம் கிட்டத்தட்ட 30 டிகிரி. நமக்கு அது டிசம்பர் மாதத்து மதியம். ஆனால் அவர்கள் போட்டிருந்தது கம்பளிச் சட்டை, தலையில் கரடித்தோல் தொப்பி. சில வீரர்கள் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார்கள். பேண்டில் டிராம்போன் வாசித்த ஒருவர் விழுந்து, எழுந்து, ஆடிக்கொண்டே மறுபடி வாசிக்கப் பார்த்தார். அது பாஸிங் அவுட் பரேடு இல்லை, ஆனால் பரேடில் பாஸிங் அவுட். நம் பள்ளிக்கூடப் பிரேயரில் கடைசி வரிசையில் பொத்தென்று சத்தம் கேட்குமே, அதே கதைதான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோய் ரத்தம் காலிலேயே தேங்குகிறது. வெயிலில் ரத்தக்குழாய்கள் வேறு விரிந்துவிடும், வியர்வையில் தண்ணீர் போயிருக்கும், ரத்த அழுத்தம் விழும், மூளைக்குப் போவது குறையும், கண்ணை இருட்டிக்கொண்டு வரும், ஆள் கீழே. படுத்த நிலைக்கு வந்ததும் ரத்தம் தலைக்குப் போய்விடும், ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். அதனால்தான் விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதே, படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடி என்கிறார்கள். நம் ஆட்கள் முதலில் செய்வது நாற்காலி கொண்டு வருவது.

சரி, ராணுவத்தில் இருந்தது இன்ஜினியரிங் காலேஜுக்கு எப்படி வந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம்தான். நமக்கு ஏற்கெனவே பரீட்சை பாஸ் ஆவது என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் பாஸ் ஆகலாம், ஆனால் கடைசி பேப்பரையும் தேறி, கேட்டைத் தாண்டி வெளியே வருவது வாழ்க்கையில் ஒரு தடவை. அதற்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டது, பயிற்சிக் கூடங்களில் அது தயாராகவே இருந்தது. இன்னொரு பக்கம், மயங்கி விழுவதற்கு நாம் அந்த வார்த்தையைத் தொடவே இல்லை. நாம் மயக்கம் போட்டுட்டார் என்போம், மிஞ்சிப் போனால் ஃபெயின்ட் ஆயிட்டார். பாஸ் அவுட் ஆயிட்டார் என்று யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு நீங்கள் கேட்டதுண்டா? இடம் காலியாக இருந்தது, காலேஜ் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அது வினைச்சொல்கூட இல்லை, ஆளைக் குறிக்கும் பெயராகவே ஆகிவிட்டது. "நீங்க எந்த இயர் பாஸ் அவுட்?" "நான் 2011 பாஸ் அவுட்." பதினேழு அரியரோடு வெளியே வந்து, எழுதி எழுதி மூன்று வருடம் கழித்துக் கடைசி பேப்பரைக் கிளியர் செய்தவரும் தன் செட்டோடு சேர்த்து 2011 பாஸ் அவுட் என்றுதான் சொல்வார். ஹெச்ஆர் கேட்டால்தான் தேதி மாறும்.

ஆகவே இந்தியாவுக்குள், இந்தியரிடம், தாராளமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெளிநாட்டு ஆளிடம் பேசும்போது மட்டும் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், கேட்கிறவர் காது அதை வைத்துத்தான் அர்த்தத்தை முடிவு செய்யும். பாஸ்டு அவுட் என்று மொட்டையாக நிறுத்தினால் மயக்கம்தான். "பாஸ்டு அவுட் ஆஃப் சாண்ட்ஹர்ஸ்ட்" என்று ஆஃப் போட்டுப் பயிற்சிக் கூடத்தின் பெயரும் வந்தால் பிரிட்டிஷ்காரருக்குச் சரியாகப் புரியும், அமெரிக்கர் கொஞ்சம் யோசிப்பார். ஃபிரம் போட்டால் சிக்கல், ஏனென்றால் மயக்கத்தின் காரணத்தைச் சொல்லவும் அதே ஃபிரம்தான்: வெயிலில் மயங்கினால் "பாஸ்டு அவுட் ஃபிரம் தி ஹீட்." அந்தக் காதோடு "பாஸ்டு அவுட் ஃபிரம் காலேஜ்" என்று கேட்டால், காலேஜே ஒரு வியாதி போலவும் அதனால் இவர் விழுந்துவிட்டார் போலவும் கேட்கும். (சில காலேஜ்களுக்கு அதுவும் பொருந்தும், பெயர் வேண்டாம்.) "ஹி பாஸ்டு அவுட் ஆஃப்டர் ஹிஸ் லாஸ்ட் எக்ஸாம்" என்பதில் எந்த அர்த்தமும் எடுக்கலாம், ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படித்தவன் என்றால் இரண்டுமே நடந்திருக்கும்.

அதற்குப் பதிலாக என்ன சொல்வது? டிகிரி என்றால் கிராஜுவேட்டட் ஃபிரம் இன்ன காலேஜ், இன்ன வருடம். இதில் ஃபிரம் விட்டுப்போகக் கூடாது. பிளஸ் டூவுக்கு அமெரிக்கர்கள் அதையே ஹை ஸ்கூல் கிராஜுவேஷன் என்பார்கள், பிரிட்டனில் ஃபினிஷ்டு ஸ்கூல் அல்லது லெஃப்ட் ஸ்கூல் என்றே வழக்கம். டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் கம்ப்ளீட்டட் போதும். ரெஸ்யூமேயில் எந்த வினைச்சொல்லும் தேவையே இல்லை: படிப்பின் பெயர், காலேஜ், வருடம், முடிந்தது. அக்கா பையன் ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தான், அதில் "இயர் ஆஃப் பாஸிங்" என்று ஒரு தனிக் கட்டம். நம்மூர் விண்ணப்பப் படிவங்கள் எல்லாவற்றிலும் இருக்கிற கட்டம்தான், பையன் மேல் குற்றமில்லை. ஆனால் பாஸிங் என்பது இங்கிலீஷில் சாவுக்கு நாசூக்கான பெயர், அவன் விண்ணப்பித்திருந்தது டப்ளினில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு. பாஸிங்கை அடித்துவிட்டு கிராஜுவேஷன் என்று போட்டு அனுப்பினேன்.

மூன்றாவது அர்த்தத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வகுப்பில் கேள்வித்தாளை எல்லோருக்கும் கொடுப்பதும் பாஸ் அவுட்தான், அமெரிக்காவில் அதிகம். மற்ற இரண்டிலிருந்தும் இது இலக்கணத்தில் வேறுபடும், ஏனென்றால் எதைக் கொடுத்தார் என்று ஒரு பொருள் வந்தாக வேண்டும். அந்தப் பொருளை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம்: பாஸ் அவுட் தி பேப்பர்ஸ், பாஸ் தி பேப்பர்ஸ் அவுட், இரண்டும் சரி. ஆனால் பேப்பர்ஸுக்குப் பதில் தெம் என்று வந்தால் நடுவில் மட்டும்தான், பாஸ் தெம் அவுட். பாஸ் அவுட் தெம் என்றால் உதைக்கும். டேக் ஆஃப், புட் ஆன், டர்ன் டவுன் என்று இந்த மாதிரி பிரிகிற ஃபிரேசல் வெர்ப் எல்லாவற்றுக்கும் இதே விதி, ஒன்றில் பிடித்துக்கொண்டால் மீதி தானாக வரும். மயங்கி விழுவதும் படித்து முடிப்பதும் பிரியாது, அங்கே யாரையும் எதையும் பாஸ் அவுட் செய்வதில்லை, தானாக ஆவதுதான்.

நிஜமாக ஆபத்தானது பாஸ் அவுட் இல்லை, அதன் தம்பி பாஸ் ஆன். அது மூன்று வேலை பார்க்கிறது. கைக்குக் கை தருவது ஒன்று: "ப்ளீஸ் பாஸ் ஆன் தி மெசேஜ்." காலமாவது இன்னொன்று, பாஸ் அவே மாதிரியே. மூன்றாவது, வேண்டாம் என்று சொல்வது. ஹோட்டலில் "ஐ வில் பாஸ் ஆன் டெசர்ட்" என்றால் ஐஸ்கிரீம் கிண்ணத்தைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடப் போகிறார் என்று காத்திருக்காதீர்கள், அவருக்கு வேண்டாம். இது சாப்பாட்டு மேஜையோடு நின்றால் பரவாயில்லை. நம் ஆட்கள் ஏதாவது ஐடியாவை, கொட்டேஷனை, வேலை விண்ணப்பத்தை அனுப்புவார்கள், அங்கிருந்து பதில் வரும்: "தேங்க்ஸ் ஃபார் சென்டிங் திஸ், வி ஆர் கோயிங் டு பாஸ் ஆன் இட்." நம் காதுக்கு அது மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறோம் என்பது போலவே கேட்கும், நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பி வாரக்கணக்கில் காத்திருந்து, ஃபாலோ அப் மெயில் மேல் மெயில் போட்டவர்களை எனக்குத் தெரியும். மேலிடத்துக்கு அனுப்புவதாக இருந்தால், பாஸ் இட் ஆன் டு மை மேனேஜர் என்கிற மாதிரி, இட் நடுவில் இருக்கும், பெரும்பாலும் யாருக்கு என்று சொல்ல டு என்று ஒன்றும் பின்னால் வரும். இட் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தால் அடுத்த கம்பெனிக்கு அனுப்புங்கள்.